ஒழுங்கைப் பக்கத்து மூன்றடி

ஆவணி மாதத்து வியாழக்கிழமை, காலை ஆறு மணி பதினெட்டு நிமிடம். எல்லாம் பிழையாய்ப் போகத் தொடங்கிய நேரம் அதுதான். இவ்வளவு திட்டமாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்த நிமிடத்தைச் சாத்திரியாரிடம் கேட்டுக் குறித்து, முதல்நாள் பாடசாலை மணிக்கூட்டோடு என் மணிக்கூட்டைச் சரிபார்த்து, வளவுக்குள் எல்லாரையும் நிறுத்தி வைத்து, அதற்காகவே நாங்கள் காத்திருந்தோம். நல்ல நேரம் என்று.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. கொக்குவிலில், ரெயில் பாதைக்குக் கிழக்கே, வண்டி ஒன்று போகுமளவு ஒடுங்கிய ஓர் ஒழுங்கையில், கிணறும் மாமரமும் உள்ள எங்கள் வளவு. நான் ஆங்கிலப் பாடசாலை ஒன்றில் ஆசிரியன். ஒரே மகள். முந்திய வருடம் மணம் முடித்து, மலைநாட்டில் தபாற்கந்தோரில் வேலை செய்யும் புருஷனோடு போனவள், தலைப்பிள்ளையைப் பெறத் தாய்வீட்டுக்கு வரவிருந்தாள்.

வீடு என்று சொல்லும்படியாக எங்களிடம் வீடு இல்லை. மண்சுவர், பனையோலைக் கூரை. முந்திய மாரியில் ஒரு சுவர் இடுப்பளவுக்குக் கரைந்து விழுந்தது. அதற்குள் ஒரு பிள்ளையைப் பிறக்க விட எனக்கு மனம் வரவில்லை. கல்வீடு ஒன்று தொடங்கி, மாரிக்கு முன் ஓர் அறைக்காவது கூரை போட்டுவிட வேண்டும். அந்த ஓர் அறைக்கு மேல் அந்த வருடம் நான் எதையும் ஆசைப்படவில்லை.

எங்கள் ஊர் அண்மையில்தான் பட்டின சபையின் எல்லைக்குள் சேர்க்கப்பட்டிருந்தது. அதற்கு முன் வீடு கட்டுகிறவன் மேசனையும் சாத்திரியாரையும் கேட்டால் போதும். இப்போது விண்ணப்பம் எழுதவேண்டும். காணி உறுதியின் நகல் வைக்கவேண்டும். வீட்டின் படத்தை மூன்று பிரதி கீறிக் கொடுக்கவேண்டும். அனுமதிப் பத்திரம் கைக்கு வருமுன் ஒரு கல்லும் வைக்கக்கூடாது. நான் சட்டத்துக்குப் பயந்தவன். ஆனி மாதமே எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டேன். சபைக் கந்தோரின் கிளாக்கர் ஒவ்வொரு கிழமையும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "வரும் மாஸ்டர், வரும்." அந்த நம்பிக்கையில் ஆவணி தொடக்கத்தில் பழைய வீட்டைப் பிரித்துவிட்டோம். கிணற்றடியில் தென்னோலைக் கிடுகால் ஒரு கொட்டில் போட்டு, அதற்குள் நானும் மனைவியும் இருந்தோம். பழைய கூரையின் வளைகளும் பனஞ்சலாகைகளும் மாமரத்தடியில் அடுக்கிக் கிடந்தன.

பத்திரம் வரவில்லை. மகளின் கடிதம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக எழுதியிருந்தாள்.

அதை வாசித்ததும் மனைவி கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும் வளவில் நிலத்தை வெட்டக்கூடாது. புதிதாக அத்திவாரம் கிண்டக்கூடாது. கிண்டியதை மூடவும் கூடாது. முன்பே தொடங்கிய சுவரை மேலே எழுப்பலாம், கூரை போடலாம். மண்ணில் மாத்திரம் மண்வெட்டி படக்கூடாது. பட்டால் அது வயிற்றில் பட்டதுபோல.

"அவள் வரமுந்திக் கல்லு வைச்சுப்போட வேணும்" என்றாள். "புரட்டாதி பிறந்தால் அதுவும் ஏலாது. வியாழக்கிழமை விட்டால் தை மாசந்தான்."

"பெர்மிட் வரேல்லையே."

"கல்லு வைக்கிறது வீடு கட்டுறதோ? அது பூசை. பூசைக்கும் சபையிலை கேக்க வேணுமோ?"

பத்தாம் வகுப்புக்கு இலக்கணமும் கேத்திரகணிதமும் படிப்பிக்கிற நான் சாத்திரியாரிடம் போய் நிமிடத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன். எனக்கும் அது வசதியாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆறு மணி பத்துக்கு மேசனார் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், முன்னுக்கிருந்து பின்னுக்கு எத்தினை அடி?"

"படத்திலை இருபத்துநாலு."

அவர் கயிற்றைக் கீழே விட்டார். "இருபத்துநாலோ? ஆர் கீறினது?"

"சேர்வே கந்தோரிலை வேலை பாத்த மனிசன்."

"அவர் தன்ரை வீட்டையும் இருபத்துநாலிலையோ கட்டினவர்? இருபத்துநாலடி எண்டால் வீட்டிலை இருக்கிறவையின்ரை வயதைக் குறைக்கும். இருபத்தேழாக்குவம். அது நல்ல அளவு."

வயதைக் குறைக்கும் என்ற சொல் என் மனைவியின் காதில் விழுந்துவிட்டது. என்னை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். பின்பக்கம் கிணறு. நீட்டுவதானால் ஒழுங்கைப் பக்கந்தான் நீட்டவேண்டும்.

"படத்துக்கு மாறாய் வருமே" என்றேன்.

"படம் கடதாசி, மாஸ்டர். நீங்கள் இருக்கப்போறது கல்லுக்குள்ளை."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் இருந்தது. ஐந்து நிமிடத்தில் என்னத்தை யோசிப்பது? மேசனார் முளையைப் பிடுங்கி மூன்றடி முன்னே அடித்தார். ஆறு பதினெட்டுக்குக் கல்லை வைத்தோம். தேங்காய் உடைத்தோம். நிமிர்ந்து பார்த்தபோது, எதிர்வீட்டுக்காரர் தன் விறாந்தையில் வேப்பங்குச்சியால் பல்லைத் தீட்டியபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒழுங்கைக்கு மறுபக்கம் இருந்த இவர் என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். புகையிலை வியாபாரி. சிப்பங்களை வண்டியில் ஏற்ற வசதியாக, தன் கல்வீட்டின் விறாந்தையை ஒழுங்கை ஓரம்வரை கொண்டுவந்திருந்தார். என்னை மச்சான் என்று வாய் நிறையக் கூப்பிட்டவர். நாலு வருடத்துக்கு முன் அவருடைய வண்டி என் வேலியை இடித்து, வேலித்தடியாக நட்டிருந்த நாலு கதியாலை முறித்துவிட்டது. நான் நாலுபேருக்கு முன்னால் அதைக் கேட்டேன். "வண்டி நேரைதான் வந்தது. உங்கடை கதியால்தான் ஒழுங்கைக்குள்ளை நடந்து வந்தது" என்றார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அதற்குப் பிறகு தவிர்க்கமுடியாத இடங்களில் அவர் என்னை மாஸ்டர் என்றார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் ஆட்கள் கிண்டி, சுற்றிவர ஒரு வரிசைக் கல்லும் வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ரெயிலில் மகள் வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள், வயிறு மாத்திரம் முன்னே வந்திருந்தது. கொட்டிலைப் பார்த்துவிட்டு, "நல்ல காத்தோட்டமாயிருக்கு, ஐயா" என்றாள். அவள் பகிடி விட்டாளா, என்னைத் தேற்றினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஓவசியர் வந்தார். சபையின் வீதி, கட்டிடம் எல்லாவற்றையும் பார்க்கும் உத்தியோகத்தர். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்து, என் படத்தின் பிரதி ஒன்றை விரித்தார். நாடாவை எடுத்து ஒழுங்கையின் நடுவிலிருந்து அளந்தார். இரண்டாம் முறையும் அளந்தார்.

"மாஸ்டர், உதென்ன?"

"கல்லு வைச்சது. நல்ல நாள் பாத்து..."

"நாள் எனக்குத் தேவையில்லை. அடியைச் சொல்லுங்கோ. படத்திலை இருபத்துநாலு. இஞ்சை இருபத்தேழு. மூண்டடி ஒழுங்கைப் பக்கம் தள்ளி வந்திருக்கு. பெர்மிட்டும் இல்லை. நீங்கள் படிச்ச மனிசன் இப்பிடிச் செய்தால் மற்றவைக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

அவர் முரடர் அல்லர். சத்தம் போடவும் இல்லை. மாமரத்தடியில் அடுக்கியிருந்த வளைகளின்மேல் இருந்துகொண்டு, முழங்காலில் கடதாசியை வைத்து, ஓர் அறிவித்தல் எழுதினார். வேலை உடனே நிற்கவேண்டும். முன்பக்கத்து மூன்றடிக் கல்லையும் கிளப்பி, கிடங்கை மூடி, படத்தில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்த பிறகே அனுமதி பற்றி யோசிக்கப்படும்.

"ரண்டு நாள் வேலை மாஸ்டர். கிளப்பி மூடிப்போட்டு எனக்கு ஆள் அனுப்புங்கோ, நானே பெர்மிட்டைக் கொண்டந்து தாறன்."

ரண்டு நாள் வேலை. அந்தச் சொல் இப்போதும் என் காதில் கிடக்கிறது.

அவர் போனதும் மேசனாருக்கு ஆள் அனுப்ப எழும்பினேன். மனைவி கொட்டில் வாசலில் நின்றாள்.

"இவள் வயித்திலை பிள்ளையோடை இருக்கேக்கை ஒரு மண்வெட்டி இந்த வளவுக்குள்ளை வரக்கூடாது."

"மூண்டடிதானப்பா. மூடத்தான் சொல்லுறார், வெட்டச் சொல்லேல்லை."

"மூடுறது இன்னும் கூடாது. என்ரை தமக்கைக்கு நடந்தது உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியும். அவளுடைய தமக்கை ஏழாம் மாதத்தில் இருந்தபோது வளவில் ஒரு பழங்கிணற்றைத் தூர்த்தார்கள். பிள்ளை செத்துப் பிறந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று வகுப்பில் நான் அரைமணி நேரம் பேசுவேன். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தொடர்பில்லை, வெட்டுங்கள் என்று சொல்ல என் நாக்கு எழும்பவில்லை. வெட்டி, பிறகு ஏதாவது நடந்தால்? அந்த "ஏதாவது" என்னைக் கட்டிப்போட்டது.

ஆகவே இப்படி ஆயிற்று. மூன்றடியை எடுத்தால்தான் பத்திரம். பிள்ளை பிறந்தால்தான் மூன்றடியை எடுக்கலாம். பத்திரம் வந்தால்தான் பிள்ளை பிறக்க ஓர் அறை. பாடசாலைக்குப் போகும்போதும் வரும்போதும் இதையே சுற்றிச் சுற்றி நினைத்தேன். எங்கே தொடங்கினாலும் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது.

கந்தோருக்குப் போய்க் கெஞ்சினேன். "பிள்ளைப்பேறு முடிய மூண்டடியை எடுங்கோவன்" என்றார் கிளாக்கர். அதற்குப் பிறகு எனக்கு எதற்கு அந்த அவசரம்? தெல்லிப்பழையில் என் தம்பி வீடு இருந்தது, நல்ல கல்வீடு. அங்கே அனுப்பலாம் என்றேன். "தலைப்பிள்ளையைச் சித்தப்பன் வீட்டிலை பெறுகிறதோ? தாய்க்கு ஒரு வளவு இல்லையோ எண்டு மருமோன்ரை ஆக்கள் கேப்பினம்" என்றாள் மனைவி. மகளைக் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "நான் என்ன பசுமாடோ ஐயா, கொட்டில் கொட்டிலாய்க் கொண்டு திரிய?" என்றாள். அதன்பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாரி தொடங்கட்டும், மழையைக் கண்டால் இருவரும் இணங்குவார்கள் என்று விட்டுவிட்டேன். மாரி வரும்போது பேற்று நோவும் கூட வரலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இங்கேதான் நான் எழுதத் தயங்கும் பகுதி வருகிறது.

ஓவசியர் ஏன் வந்தார்? வியாழக்கிழமை கல் வைத்தோம், செவ்வாய்க்கிழமை வந்து நிற்கிறார். எங்கள் ஊரில் ஓர் உத்தியோகத்தர் தானாக வருவதில்லை. யாரோ முறைப்பாடு சொல்லிப் பெட்டிசம் எழுதினால்தான் வருவார். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஊர்ப் பாதிப்பேருக்குப் பெட்டிசம் எழுதிக் கொடுத்தவன் நான். இதை எழுதியவன் யாரென்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. வேப்பங்குச்சியோடு நின்ற அந்த மனிதர் என் கண்ணுக்குள்ளேயே நின்றார்.

புரட்டாதி மாதத்தில் ஒருநாள், பாடசாலை விட்டபிறகு, வெறும் வகுப்பறையில் தனியே இருந்துகொண்டு ஒரு புல்ஸ்காப் தாளை எடுத்தேன். ஆங்கிலத்தில் எழுதினேன். குறித்த ஒழுங்கையில் ஒரு புகையிலை வியாபாரியின் விறாந்தை மூன்றடிக்குக் குறையாமல் பொதுவழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஏழை ஒருவனின் அத்திவாரத்தை அளக்க வரும் கண்களுக்கு வசதியுள்ளவனின் விறாந்தை தெரியாமல் போவது எப்படி? இப்படிப் போயிற்று. கீழே பேர் போடவில்லை. "வரி கொடுக்கும் ஒருவன்" என்று மாத்திரம் போட்டேன். ஒரு வசனத்தை மூன்று தரம் வெட்டித் திருத்தியதும், முடித்தபின் அதை உரத்து வாசித்துப் பார்த்ததும் நினைவிருக்கிறது. அன்று எனக்குப் பசித்தது. பல நாளுக்குப் பிறகு.

எங்கள் தபாற்கந்தோரில் போட்டால் கையெழுத்தைக் கண்டுவிடுவார்கள் என்று, சனிக்கிழமை சைக்கிளில் நீர்வேலிக்குப் போய் அங்கே போட்டேன். வீட்டில் மகளுக்கு வாழைப்பழம் வாங்கப் போவதாகச் சொன்னேன். ஒரு குலை கதலி வாங்கிப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தேன். "உதுக்கு நீர்வேலி வரையும் போனீங்களோ?" என்று மனைவி சந்தோஷப்பட்டாள். மகள் இரண்டு பழம் தின்றாள்.

பத்து நாளில் ஓவசியர் எதிர்வீட்டில் நின்றார். வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அளந்தார். எழுதினார். விறாந்தைப் படிக்கு மேலே, சுவரில் சிவப்பு மையால் நெட்டுக்கு ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு இந்தப்பக்கம் உள்ளதெல்லாம் உடைக்கப்படவேண்டும். எதிர்வீட்டுக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பெண்சாதிதான் உள்ளே நின்று எங்கள் பக்கம் கேட்கக் கத்தினாள்:

"படிச்ச சனம் வாயாலை சண்டை பிடியாது, பேனையாலைதான் குத்தும்!"

எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை. என் மனைவி, "பாவம் அண்ணை. ஆரோ எழுதிப்போட்டினம்" என்றாள்.

ஐப்பசி முதல் மழை விழுந்த மறுநாள் நான் கந்தோருக்குப் போனேன். ஒரு புது யோசனை வைத்திருந்தேன். அந்த மூன்றடியை அப்படியே விட்டுவிட்டு, பின்னால் கிணற்றடிப் பக்கத்து ஓர் அறைக்கு மாத்திரம் அனுமதி கேட்பது. அத்திவாரம் அங்கே இருக்கிறது, மண்ணைத் தொடவேண்டியதில்லை. கிளாக்கர் கேட்டுவிட்டு, "நல்ல யோசினை" என்றார்.

"ஆனால் மாஸ்டர், போன மாசம் கேட்டிருந்தால் குடுத்திருப்பம். இப்ப உங்கடை விண்ணப்பம் தனியா இல்லை. ஒழுங்கைக் கோவையோடை சேர்த்துக் கட்டியாச்சு."

"என்ன ஒழுங்கைக் கோவை?"

"உங்கடை ஒழுங்கையைப் பற்றி ஒரு மொட்டைப் பெட்டிசம் வந்தது. எழுதினவன் லேசுப்பட்டவன் இல்லை. என்ன இங்கிலீசு! சேர்மன் ரண்டுதரம் வாசிச்சவர். வாசிச்சுப்போட்டு, முழு ஒழுங்கையையும் அளவுங்கோ, அளந்து முடியுமட்டும் அதுக்குள்ளை ஒருத்தருக்கும் பெர்மிட் குடுக்க வேண்டாம் எண்டு எழுதிப்போட்டார்."

நான் கேட்டேன்: "முதல் வந்த பெட்டிசத்தைப் பாக்கலாமோ?"

"எந்த முதல்?"

"எனக்கு எதிராய் வந்தது. ஆவணியிலை. கல்லு வைச்ச உடனை."

அவர் கோவையின் நாடாவை அவிழ்த்துத் தாள்களைப் புரட்டினார். என் விண்ணப்பம், என் படம், ஓவசியரின் அறிக்கை. அதற்குப் பிறகு, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தப் புல்ஸ்காப் தாள்.

"உங்களுக்கு எதிரா ஒருத்தரும் எழுதேல்லை, மாஸ்டர்" என்றார். "விண்ணப்பம் போட்டால் ஓவசியர் இடத்தை வந்து பாக்கத்தானே வேணும்? உங்கடை முறைக்கு அவர் வந்தவர். வந்த இடத்திலை படம் சரியாயிருந்திருந்தால் அண்டைக்கே கையெழுத்து வைச்சிருப்பார். பெர்மிட் புத்தகத்தையும் கையோடை கொண்டுதான் வந்தவர்."

வெளியே வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு கொக்குவில்வரை நடந்தேன். இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. எங்களுக்கு எதிராக ஒருவரும் எழுதவில்லை என்பதும், பத்திரத்தை நிறுத்தியது என் கடிதந்தான் என்பதும் மனைவிக்கு இன்றுவரை தெரியாது. இதை வாசித்தால் தெரியும்.

கார்த்திகை மழையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எங்களுடைய அத்திவாரக் கிடங்குகள் நிரம்பி, வீடு இருக்கவேண்டிய இடத்தில் நாலு மூலைக் குளம் ஒன்று கிடந்தது. அதற்குள் இருந்து தவளைகள் கத்தின. கொட்டிலுக்குள் தண்ணீர் வராமல் வரம்பு கட்டக்கூட மண் வெட்ட முடியாது. பழைய வளைகளை அடுக்கி அதன்மேல் மகளுக்குப் படுக்கை போட்டோம். இப்போது தெல்லிப்பழைக்குப் போகலாம் என்று மனைவியே சொன்னாள். நோ வருவதற்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது, சனிக்கிழமை கார் பிடிக்கிறேன் என்றேன்.

நோ புதன்கிழமை வந்தது. மத்தியானம் ஒரு மணி இருக்கும். மழை இரண்டு நாளாக விடவில்லை. ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் காருக்குப் போனேன். தெருமுனை வரை வந்த காரோட்டி ஒழுங்கையைப் பார்த்துவிட்டு, "தோணி பிடியுங்கோ மாஸ்டர்" என்று திருப்பிக்கொண்டு போய்விட்டான். நான் திரும்பி வரும்போது, போகும் வழியில் கூப்பிட்டுவிட்ட மருத்துவிச்சி தலையில் ஓலைப்பாயைப் போட்டுக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி வந்து கொட்டில் வாசலில் நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். கால் வைத்த இடமெல்லாம் சேறு. மேலே ஒரு பக்கத்துக் கிடுகைக் காற்றுக் கிளப்பிவிட்டிருந்தது. என் மனைவி மகளின் தலைக்கு மேலே பாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உந்த ஈரத்துக்குள்ளை நான் பிள்ளை பிடிக்கமாட்டன்" என்றாள் மருத்துவிச்சி. "தாய்க்குக் குளிர் பிடிச்சால் என்னைக் கேக்கக்கூடாது. ஒரு காய்ஞ்ச இடம் பாருங்கோ. கெதியா."

காய்ந்த இடம் ஒன்று ஒழுங்கைக்கு அந்தப்பக்கம் இருந்தது. கொட்டில் வாசலில் நின்றால் அந்த விறாந்தையும் அதில் போட்ட சிவப்புக் கோடும் தெரியும். என் மனைவி அந்தப்பக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஒருக்கால் போய்க் கேளுங்கோவன். என்ரை அண்ணைதானே. இல்லையெண்டு சொல்லார்."

நான் நின்றேன். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள், பிறகு கத்தினாள். அப்போதும் நின்றேன். அந்த விறாந்தையில் ஏறி நான் எந்த வாயால் கேட்பேன்? எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. எல்லா நேரத்தையும் மணிக்கூடு பார்த்துச் சொல்லும் நான் அந்த நேரத்தைப் பார்க்கவில்லை.

பேரன் அன்று மாலை விளக்கு வைக்கும் நேரம் பிறந்தான். சுகமாகப் பிறந்தான். ஒழுங்கையை அளந்து முடிக்கத் தை மாதமாயிற்று. மாசியில் சபை ஆட்கள் வந்து எதிர்வீட்டு விறாந்தையைக் கோடுவரை உடைத்தார்கள். அதற்குப் பிறகு நாங்கள் மூன்றடியைக் கிளப்பி மூடினோம், பத்திரம் வந்தது, வைகாசியில் சுவர் எழும்பியது. இருபத்துநாலு அடி வீட்டில்தான் இருக்கிறோம். இதெல்லாம் பிறகு நடந்தவை. நான் சொல்லவந்தது அந்த மத்தியானத்தை.

வேலிப் படலை திறக்கும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக்காரர் வெள்ளத்துக்குள்ளால் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, தன் வீட்டுச் சாய்மனைக் கதிரையைத் தலைகீழாகத் தலையில் கவிழ்த்துப் பிடித்திருந்தார். கதிரையின் நாலு காலும் மேலே நின்றன. கொட்டிலுக்குள் வந்து அதை இறக்கினார். என்னைப் பார்க்கவில்லை.

"தங்கச்சி, பெட்டையைத் தூக்கி உதுக்குள்ளை இருத்து. அங்கை அறை துடைச்சு வைச்சிருக்கு. தண்ணி கொதிக்குது" என்றார். மருத்துவிச்சியைப் பார்த்து, "நீ என்னணை படம் பாக்கிறாய்? முன்னுக்கு நட" என்றார்.

"மாமா" என்று மகள் அவர் கையைப் பிடித்தாள்.

"ஓமடி, ஓம். கத்து. நல்லாய்க் கத்து. நாலு வருசமாய் இந்தப் பக்கத்தாலை ஒரு சத்தமும் கேக்கேல்லை."

அவர் முன்பக்கத்தைத் தூக்கினார். பின்பக்கத்தைத் தூக்க வேறு ஆள் இல்லை, நான் தூக்கினேன். மனைவி பாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். அத்திவாரக் கிடங்கின் கரையால் கால்களைத் தடவித் தடவி வைத்து, படலையைக் கடந்து, வெள்ளத்துக்குள் இறங்கினோம். தண்ணீர் கதிரையின் அடியைத் தொட்டது. அந்தக் கரை வந்தது. அவர் விறாந்தைப் படியில் ஒரு காலை வைத்து, பாரத்தை மாற்றிப் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் முதன்முறையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"படியிலை கால் கவனம், மச்சான்" என்றார். "நீங்கள் எழுதின மூண்டடி உதுதான்."